வேலுக்குள் நின்ற நல்லூர்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவம் நெருங்கிவரும் ஆடிமாதக் கடைக்கூற்றிலே, யாழ்ப்பாண நகரத்துப் பதாகை அச்சிடும் கடையொன்றில் என் சொந்தக் காரியமாகக் காத்திருந்தபொழுது, தண்ணீர்ப்பந்தலுக்குப் பனர் அடிப்பிக்க வந்த முதியவர் ஒருவர் கணினியின் முன்னிருந்த இளைஞனிடம், "தம்பி, நல்லூர் எண்ட பேர் வேலின்ரை இலைக்குள்ளை நிறைஞ்சு நிக்கவேணும்" என்று கேட்டதையும், அவ்விளைஞன் "ஓம் ஐயா, அது ஒரு நிமிஷ வேலை" என்று சொல்லி, உண்மையிலேயே ஒரு நிமிஷத்துக்குள் அந்த நாமத்தை வேலின் இலைவடிவத்துள் பிதுங்க நிறைத்துக் காட்டியதையும் கண்டேன். முதியவர் கண்ணாடியைச் சற்று உயர்த்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு, ரகரத்தின்ரை குற்று எங்கை, தம்பி?" என்று கேட்டார். வேலின் இலை ஓரத்தை நோக்கிக் குறுகும் இடத்தில் அகப்பட்ட கடைசி எழுத்து நசுங்கிப்போக, அதன் தலைமேலிருந்த புள்ளி கோட்டோடு கோடாய்க் கரைந்து, நல்லூர் என்பது 'நல்லூர' என்று நின்றது.

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு முதற்காரணம். எழுத்தை ஓர் உருவரைக்குள் அடக்குதல் என்பது கணினி தந்த புதுவித்தை என்றே பலரும் எண்ணுகின்றனர். எனினும் நம்முடைய நாட்டிலே அது நாணயம் அடித்தோரும், ஏடு எழுதினோரும், யந்திரம் வரைந்தோரும், புலவரும், அச்சுக்கோத்தோரும், விளம்பரப் பலகை எழுதினோரும் தத்தமக்குரிய முறையில் ஆராய்ந்து விடைகண்ட பழைய பிரச்சினை. அவர்கள் கண்ட விடைகளையும் கணினி காட்டும் விடையையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்பொழுது, முன்னையோர் பெரும்பாலும் எழுத்தை இடத்துக்கு ஏற்பத் தேர்ந்தோ, வைத்தோ, புதிதாகக் கீறியோ வந்தனர் என்பதும், எழுதி முடிந்த எழுத்தைப் பிசைந்து இடத்துக்குள் தள்ளும் வழக்கம் நம் காலத்திலேதான் இவ்வளவு எளிதாயிற்று என்பதும் புலனாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று ஆனைக்கோட்டை முத்திரை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1980ஆம் ஆண்டை ஒட்டி நடத்திய அகழ்வில், பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றிலிருந்து வெளிப்பட்ட அச்சிறு முத்திரையின் முகத்தில் மேல்வரியாகச் சில குறியீடுகளும் கீழ்வரியாகப் பிராமி எழுத்துக்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கீழ்வரியைக் 'கோவேத' முதலாக அறிஞர் பலவாறு வாசித்திருக்கின்றனர். வாசிப்பு எதுவாயினும் ஆகுக; விரல்நுனியளவான ஒரு பரப்பை இரண்டு வரியாக வகுத்து, குறிக்கு ஒரு வரியும் சொல்லுக்கு ஒரு வரியும் கொடுத்து, எழுத்தின் அவயவம் எதனையும் சிதைக்காது நிறுத்திய அந்தக் கம்மியனின் நிதானமே நம் விஷயத்துக்கு வேண்டுவது.

பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் அடித்த சேது நாணயங்களில் இதே நிதானத்தை வட்ட உருவரைக்குள் காணலாம். ஒருபுறம் நிற்கும் மனித உருவம்; மறுபுறம் படுத்திருக்கும் நந்தி; நந்தியின் கீழே 'சேது' என்ற சொல். ஏகாரத்துக்கும் எகாரத்துக்கும் வேற்றுமை காட்டும் சுழிக்கொம்பு வழக்குக்கு வராத காலமாதலின், ஒரு கொம்பும், ஒரு சகரமும், உகரம் ஏறிய ஒரு தகரமும் ஆக மூன்றே வடிவங்கள் வட்டத்தின் அடிப்பகுதியாகிய பிறைவடிவ இடத்தை நிரப்பின. அரசனுடைய நாமமும் பட்டமும் நீட்டி எழுதப்படாமல் இவ்வளவு சுருங்கிய ஒரு சொல் அங்கே இடம்பெற்றதற்கு அரசியற் காரணங்களும் சமயக் காரணங்களும் உண்டு. ஆயினும், நந்திக்குக் கீழே எஞ்சிய இடத்தின் அளவை அறிந்த ஒரு தட்டானுடைய அபிப்பிராயமும் அந்தத் தெரிவிலே கலந்திருக்கும் என்று கருதுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பனையோலையில் நிகழ்ந்தது வேறொரு வகை. ஓலையின் நீண்ட நாடாவில் கயிறு கோப்பதற்காக இடும் துளை, எழுத்தாணி கொண்டு எழுதுபவனுக்கு ஒரு தடைக்கல். அவன் அத்துளையைச் சுற்றிச் சிறு வெளி விட்டு, சொல்லை இரண்டாகப் பிரித்து, அப்பாலும் இப்பாலும் ஒழுகவிட்டான். இன்றைய வரைகலை மென்பொருள்கள் 'படத்தைச் சுற்றி எழுத்தை ஒழுக்குதல்' என்று ஒரு கட்டளை வைத்திருக்கின்றன. பனை வளர்ந்த நாட்டிலே அது கட்டளையன்று, கைப்பழக்கம். ஓலை கிழிந்துவிடும் என்ற அச்சத்தால் மெய்களுக்குப் புள்ளி இடாமல் விடுவதும் அக்காலத்து வழக்கமாதலால், நல்லூரின் குற்றுக்காக ஓர் ஏடெழுதுபவனிடம் சண்டைபிடிக்க இயலாது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். ஏட்டை வாசித்தவன் புள்ளியைத் தன் மனத்தில் இட்டுக்கொண்டான். வீதியோரத்துப் பதாகையை மோட்டார் சைக்கிளில் விரைந்தபடி வாசிப்பவனிடம் அந்த அவகாசம் இல்லை.

முருகவழிபாடு நிலைத்த நாடாதலின், எழுத்தும் உருவரையும் கூடும் மிகப் பரிச்சயமான வடிவம் நமக்கு அறுகோணமே. இரண்டு முக்கோணங்கள் ஒன்றையொன்று ஊடறுக்க, வெளிப்பட்ட ஆறு முனைகளிலும் ச, ர, வ, ண, ப, வ என்னும் ஆறு எழுத்தும் ஒவ்வொன்றாய் அமரும் செப்புத்தகட்டைக் காணாத சைவ வீடு இங்கே குறைவு. முக்கோணம் எழுத்தை நிறுத்துவதற்கு மிகவும் சங்கடமான அறை. அதன் உச்சியிலே இடமில்லை. அடியிலே தேவைக்கு மிஞ்சிய இடம். ஆயினும் யந்திரம் வரைவோர் எந்த எழுத்தையும் முக்கோணமாக்க முயலவில்லை. அறையின் ஈர்ப்பு மையத்திலே எழுத்தை முழுவடிவோடு இருத்தி, சுற்றியுள்ள வெளியை வெளியாகவே விட்டனர். மந்திர எழுத்து அங்கவீனம் அடையலாகாது என்ற சமயக் கட்டுப்பாடு, வடிவமைப்பு நூலொன்றின் சூத்திரம் போலவே இங்கே வேலை செய்கின்றது.

இனி, சித்திரகவி. 12ஆம் நூற்றாண்டினது என்று கொள்ளப்படும் தண்டியலங்காரம் சொல்லணியியலிலே கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலியவற்றை வகுத்துச் சொல்லுகின்றது. பின்வந்த மாறனலங்காரம் அத்தொகையைப் பெருக்குகின்றது. பரிதிமாற்கலைஞர் இவற்றை விளக்குதற்கென்றே ஒரு நூல் செய்தார். பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் வேலின் வடிவிலே அமைத்த சஸ்திரபந்தம் முருகனடியார் இடையே இன்றும் பாராயணம் செய்யப்படுகின்றது. இப்புலவர்கள் எல்லோரும் உருவரையை முதலில் வரைந்துகொண்டு, அதன் அறைகளுக்கும் சந்திகளுக்கும் ஏற்ற எழுத்து எது என்று தேடினர். சுழிகுளத்திலே எட்டெழுத்து நான்கடி கட்டத்துள் நின்று, வெளியிலிருந்து உள்ளே சுழியாகவும் ஓடும், நேராகவும் ஓடும். நாகபந்தத்திலே இரண்டு பாம்புகள் பின்னிக்கொள்ளும் இடந்தோறும் நிற்கும் ஓர் எழுத்து, இரண்டு செய்யுளுக்கும் பொதுவாய் இருந்து இரண்டிலும் பொருள் தரவேண்டும். பாம்பின் உடல் வளைந்த இடத்திலே எழுத்தை வளைத்தால் அது சித்திரகவியாகாது, வெறுஞ் சித்திரமாகிவிடும். உருவரை இட்ட நிபந்தனையைப் புலவன் தன் சொற்களஞ்சியத்தின்மேல் ஏற்றினானேயன்றி எழுத்தின் உடம்பின்மேல் ஏற்றவில்லை.

சித்திரகவியைக் கழைக்கூத்து என்று இகழ்ந்தோர் பலர். கவிதை என்ற அளவிலே அவர்கள் கட்சிக்கு நானும் பெரிதும் உடன்படுவேன். ஆனால் எழுத்தை இடத்தில் அமைக்கும் கலை என்ற அளவிலே, சந்தியில் நிற்கும் ஓரெழுத்தின் கனத்தை அவர்கள் உணர்ந்த அளவுக்கு இன்றைய இலச்சினை வரைவோர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. மேல்நாட்டாருக்கும் இவ்வித்தை புதிதன்று. ஆங்கிலக் கவி ஜார்ஜ் ஹெர்பட் 1633இல் வெளிவந்த நூலிலே இறகுவடிவாகச் செய்யுளடிகளை நீட்டியும் குறுக்கியும் அடுக்கினார். பிரெஞ்சுக் கவி அப்பொலினேர் 1918இல் மழையையும் கோபுரத்தையும் எழுத்துக்களால் வரைந்த கவிதைத் தொகுதியை வெளியிட்டார். அங்கும் எழுத்து தன் வடிவத்தோடேயே நின்றது.

அச்சு வந்தபின் எழுத்துக்கு இரும்புக்கட்டுப்பாடு ஒன்று ஏற்பட்டது. ஈயக்கட்டுப்பாடு என்பது இன்னும் பொருந்தும். அமெரிக்க மிஷனார் மானிப்பாயிலே 1834இல் அச்சியந்திரம் நிறுவினர். 1841இல் உதயதாரகை வெளிவரத் தொடங்கியது. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டை ஒட்டி வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார். செப்புத்தகட்டு யந்திரத்துக்கும் அச்சு யந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்கியமை தற்செயல்தான் எனினும், இரண்டிலும் எழுத்து தன் அறையை விட்டு அசையாது என்ற ஒற்றுமை உண்டு. ஈய அச்சின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு நீள்சதுரக் கட்டையின் தலையிலே நிற்பது. அக்கட்டைகள் நெருங்கி வரிசையாய் நின்றாலன்றிச் சட்டத்துள் இறுகா. ஆகவே அச்சுக்கோப்பவர் எழுத்தை வளைக்க இயலாமல், வரிகளின் நீளத்தை மாற்றி உருவம் செய்தார். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூல்களின் முகப்பேட்டைப் பார்த்தால், நூற்பெயரும் ஆசிரியர் ஊரும் பெயரும் அச்சுக்கூடமும் ஒன்றன்கீழ் ஒன்றாய்ப் புனல்போல் ஒடுங்கி இறங்குவதைக் காணலாம். அது வரியின் சித்திரம்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய 'கல்வெட்டு' என்னும் நினைவுச் சிறுநூலிலும் இதுவே நடந்தது. அந்தியேட்டிக் கிரியையன்று உற்றார்க்கு வழங்கப்படும் அந்நூலிலே திதி வெண்பாவும் புலம்பற் பாக்களும் இருக்கும். முகப்பிலே முட்டைவடிவச் சட்டத்துள் இறந்தவரின் படம் இருக்கும். அந்த முட்டைவடிவின் மேல்வளைவோடு பெயரும் வளைந்து வரவேண்டுமென்று வீட்டார் விரும்பினால், ஈய அச்சு கைவிரித்துவிடும். ஓவியரொருவர் கீறிக்கொடுக்க அதனைப் 'புளொக்' செய்விக்கவேண்டும். அதற்குக் காசும் நாளும் வேண்டும். 31 நாளுக்குள் முடியவேண்டிய காரியமாதலால் பெரும்பாலார் நேர்வரியோடு திருப்தியடைந்தனர். குரும்பசிட்டி நா. பொன்னையா 1930இல் ஈழகேசரியைத் தொடங்கிய காலந்தொட்டு வந்த பத்திரிகைத் தலைப்புக்களும் நூல் அட்டைகளும் இத்தகைய கையெழுத்துப் 'புளொக்'குகளுக்கு நல்ல உதாரணங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் அவற்றுட் பலவற்றைப் பக்கம்பக்கமாய்ப் புரட்டலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சாம்பரான ஏறத்தாழ 97,000 நூல்களோடு எத்தனை அட்டையெழுத்துக்கள் போயின என்பதை நினைக்கும்போது, எஞ்சியவற்றைப் பார்க்கும் கண் தானே கூர்மையடைகின்றது.

ஈயம் மறுத்த சுதந்திரம் தூரிகைக்கு இருந்தது. போட் எழுதுவோர் என்று நாம் சொல்லும் விளம்பரப் பலகை ஓவியர்களிடம் எழுத்தமைப்பின் உண்மையான சாஸ்திரம் இருந்தது. கடையின் பெயரை மீன்வடிவத்துள்ளோ, சங்குவடிவத்துள்ளோ, கோயில் வீதியின் வளைவிலோ எழுதவேண்டிவந்தால், அவ்வோவியர் முதலில் எழுத்துக்களை எண்ணுவார். நடுவெழுத்து எது என்று கண்டு அதனை இடத்தின் நடுவிலே கரியால் ஒற்றிவைப்பார். பிறகு இருபுறமும் விரிந்து செல்வார். இடம் உயர்ந்த பகுதியிலே அகப்பட்ட எழுத்தின் காலை நீட்டுவார். தாழ்ந்த பகுதியில் அகப்பட்டதன் வயிற்றை அகட்டுவார். ஆனால், இதுவே முக்கியம், தூரிகையின் பருமனை மாற்றமாட்டார். வேலிலையின் நடுவிலே ஒரு முழ உயரம் நிற்கும் லகரமும் ஓரத்திலே நான்கு விரல் உயரம் நிற்கும் ரகரமும் ஒரே தூரிகையின் ஒரே கனத்தால் எழுதப்பட்டவை. எழுத்தின் எலும்பு நீளும், குறுகும், வளையும், தசை மாறாது. புள்ளியோ, எழுத்து எவ்வளவு சிறுத்தாலும், தூரிகைநுனி ஒருமுறை சுழன்ற அளவிலேயே வட்டமாய் நிற்கும்.

தொண்ணூறுகளின் முற்பாதியிலே குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்தமையால், பிறநாடுகளிலே கணினி கைவேலையை விழுங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே தூரிகை தனியாட்சி செய்தது. 2002இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபின்னும், 2009இல் போர் முடிந்தபின் இன்னும் பெருகியும், பெரிய பதாகை அச்சியந்திரங்கள் வந்து சேர்ந்தன. ஒரு தலைமுறைக்குள்ளேயே கரிக்கட்டியும் நூலும் மேசைக்கடியில் போயின.

கணினி இக்காரியத்தைச் செய்யும் முறையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். பிரெஞ்சுத் தேசத்து மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளிலே, சித்ரோவெனில் பணிசெய்த போல் த காஸ்தெல்ஜோ என்பவர் 1959இலும், ரெனோவில் பணிசெய்த பியர் பெசியே என்பவர் அறுபதுகளிலும், வாகனத்தின் உடல்வளைவைக் கணிதத்தால் குறிக்கும் ஒரு வழியைத் தனித்தனியே கண்டனர். வளைவின் இரு முனைகளுக்கு இரு புள்ளிகள். அவ்வளைவு எப்பக்கம் எவ்வளவு இழுபடவேண்டுமென்று காட்ட இரு கைபிடிகள். இந்த நான்கு புள்ளிகளாலே ஒரு வளைவு முற்றும் நிர்ணயமாகும். 1984இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சுமொழி எழுத்துக்களை இத்தகைய வளைவுகளாகவே வைத்தது. 1987இல் இலஸ்ரேற்றரும், 1989இல் கோரல்ட்ரோவும், 2003இல் எவரும் இலவசமாகப் பெறத்தக்க இன்க்ஸ்கேப்பும் தோன்றின. மோட்டார்க் காரின் தகட்டை வளைத்த கணிதம் இவ்வாறு ககரத்தையும் மகரத்தையும் வந்தடைந்தது.

இம்மென்பொருள்களிலே எழுத்தை உருவரைக்குள் அடக்கும் கட்டளைக்கு 'உறை' என்று பொருள்படும் பெயரையே சூட்டியிருக்கின்றனர். சொல்லைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீள்சதுரம் உண்டு. அதன் மேல்விளிம்பை உருவரையின் மேல்வளைவாகவும், கீழ்விளிம்பைக் கீழ்வளைவாகவும், பக்கங்களைப் பக்கங்களாகவும் கணினி பாவித்துக்கொண்டு, உள்ளிருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் அதன் விகிதாசாரப்படி புதிய இடத்துக்குப் பெயர்க்கின்றது. றப்பர்த் தாளிலே எழுதி, அத்தாளை இழுத்து ஒரு சட்டத்திலே ஆணியடித்தாற் போன்றது. இழுபட்ட இடத்திலே எழுத்து உயர்வது மட்டுமன்று. கோட்டின் கனமும் சேர்ந்து வீங்கும். ஒடுங்கிய இடத்திலே கோடு நூலாகும். எலும்பும் தசையும் என்ற பேதம் கணினிக்கு இல்லை. அதன் கணக்கிலே எழுத்து என்பது ஒரு கறுத்த பரப்பின் எல்லைக்கோடு.

உரோமன் எழுத்துக்கு இது ஒருவாறு பொருந்திவிடும். அதன் பெரிய எழுத்துக்கள் யாவும் ஒரே உயரத்தன. மேலும் கீழும் நேர்கோட்டில் நிற்பன. ஆகையால் அவற்றின் சுற்றுப்பெட்டியும் எழுத்தும் ஒத்திருக்கும். தமிழிலோ நிலைமை வேறு. தேவநாகரிக்கு உள்ளதுபோல் தலைக்கோடு நமக்கு இல்லை. இகர ஈகாரச் சுழிகள் மேலே எழும். உகர ஊகார வால்கள் கீழே தொங்கும். இரண்டும் இல்லாத எழுத்து நடுவிலே குந்தியிருக்கும். ஒரே ஒரு 'கீ'யும் ஒரே ஒரு 'மூ'வும் ஒரு சொல்லில் வந்துவிட்டால், அச்சொல்லின் சுற்றுப்பெட்டி அவ்விரண்டின் உச்சியாலும் அடியாலும் நிர்ணயிக்கப்படும். ஏனை எழுத்துக்கள் உருவரையின் விளிம்பைத் தொடாமலே மிதக்கும். அப்பொழுது இளைஞன் எழுத்தைத் தனித்தனியே இழுக்கத் தொடங்குகின்றான். இழுக்க இழுக்க வரிசை கெடுகின்றது.

இதனினும் பெரிய அபாயம், தமிழ் எழுத்துக்களின் வேற்றுமை மிகச் சிறிய அவயவங்களிலே தங்கியிருத்தல். மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் இடையே உள்ளது ஒரு சுழி. நகரத்தின் வால் நசுங்கினால் அது வேறெதுவோ ஆகும். ரகரத்தின் கதையோ இன்னும் விசித்திரமானது. பழைய அச்சிலே ர், ரி, ரீ என்பவை ரகரத்தின் சாய்ந்த காலை இழந்து, ஆகாரக் காலின் மேல் புள்ளியும் விசிறியும் ஏறியவை போன்றே வார்க்கப்பட்டன. ஆதலால் புள்ளி ஒன்றே அங்கே மெய்யையும் உயிர்மெய்க் காலையும் பிரித்துக்காட்டும் அடையாளம். அதனைக் கரைத்துவிட்டு ஒரு சொல்லை வேலுக்குள் நிறைப்பதும், அச்சொல்லை அழித்துவிட்டு வேலை மட்டும் வரைவதும் ஏறத்தாழ ஒன்றே.

கணினியிலே தமிழ் வந்த பாதையும் இச்சிக்கலைப் பெருக்கியது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் நெடுங்காலம் ஆட்சிசெய்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் ஸ்தானத்திலே தமிழ்வடிவங்களை இருத்தியது. கொம்பை முதலில் தட்டி, மெய்யைப் பின் தட்டி, காலை இறுதியில் தட்டவேண்டும். அச்சுக்கோப்பவரின் கைப்பழக்கமே அது. யுனிகோட்டில் மெய்யும் உயிரும் ஒலிமுறைப்படி சேமிக்கப்பட்டு, கொம்பை முன்னே கொண்டுவரும் பொறுப்பு மென்பொருளின்மேல் சுமத்தப்பட்டது. வரைகலை மென்பொருள்களின் பழைய பதிப்புக்கள் அப்பொறுப்பை ஏற்கவில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் அநாதையாய் நின்றது. அதனாலேயே 1991 முதல் யுனிகோட்டில் தமிழ் இருந்தும், அச்சுக்கூடங்கள் பாமினியைக் கைவிடத் தயங்கின. ஒருமுறை எழுத்தை வளைவுகளாக மாற்றிவிட்டால், அதன்பின் அது எழுத்தன்று, படம். பிழை கண்டாலும் தட்டித் திருத்த முடியாது. முதியவர் குற்றைக் கேட்டபொழுது இளைஞன் முழுச்சொல்லையும் மறுபடி தட்டவேண்டிவந்தது இதனாலேதான்.

உருவரைக்குள் எழுத்து என்னும் விஷயத்திலே மேல்நாட்டார் எட்டிய சிகரம் என்று நான் கருதுவது 1966ஐ ஒட்டி சான் பிரான்சிஸ்கோ நகரில் வெஸ் வில்சன் வரைந்த இசைவிழாச் சுவரொட்டிகளை. தீச்சுவாலைக்குள்ளும் பெண்ணின் கூந்தலுக்குள்ளும் வெளி சிறிதும் எஞ்சாதவாறு எழுத்தை நிரப்பிய அவர், அவ்வடிவத்தை வியன்னாவிலே அல்பிரெட் ரோலர் 1903இல் ஒரு கண்காட்சிக்கு வரைந்த சுவரொட்டி எழுத்திலிருந்து கற்றுக்கொண்டார். இருவரும் எழுத்தை இழுக்கவில்லை; உருவரைக்கேற்ப ஒவ்வோர் எழுத்தையும் புதிதாகக் கீறினர். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையேயுள்ள வெண்கோடு எங்கும் ஒரே அகலமாய் ஓடுவதே அவ்வேலையின் உயிர். நம் போட் எழுதுவோரின் தூரிகைக் கனமும் வில்சனின் வெண்கோடும் ஒரே உண்மையின் இரு முகங்கள். தமிழகத்திலே ஓவியர் ஆதிமூலம் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் எழுதிய தலைப்பெழுத்துக்களிலும் வடிவம் எவ்வளவு கரடுமுரடாயினும் எழுத்தின் அடையாளம் தப்பவில்லை என்பதை இவற்றோடு வைத்துப் பார்க்கலாம்.

கணினியைக் குறைகூறி ஒதுக்குவது என் நோக்கமன்று. அதனிடமும் இந்த வழி உண்டு. எழுத்தைப் பரப்பாக அல்லாமல் வெறுங்கோடாக, அதாவது எலும்பாக மட்டும் கீறிக்கொண்டு, அக்கோட்டை உறைக்குள் வளைத்து, அதன்பிறகு கோட்டுக்குக் கனம் கொடுத்தால், கனம் எங்கும் சமமாக நிற்கும். இன்க்ஸ்கேப்பிலே உறைவிகாரம் பாதையின்மேல் முதலில் நிகழ்ந்து, கோட்டின் பருமன் அதன்பின்னரே ஏறுவதால், இது கைகூடும். புள்ளிகளை அந்த விகாரத்துக்கு உட்படுத்தாமல் வேறாக வைத்துக்கொண்டு, கடைசியில் கையால் இருத்தவேண்டும். ஒரு நிமிஷ வேலை அரைநாள் வேலையாகும். அரைநாட் கூலியைக் கொடுக்க எவரும் ஆயத்தமாயில்லை என்பது வேறு விஷயம்.

இம்முறையைச் சோதிப்பதற்காக, ஒரு மழைநாளிலே, 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லைக் குடாநாட்டின் புறக்கோட்டுக்குள் நானே அமைத்துப் பார்த்தேன். புலம்பெயர்ந்தோர் சங்கங்களின் இலச்சினைகளிலே விருப்பமாய் வரும் உருவம் அது. முதலில் உறைக்கட்டளையையே பிரயோகித்தேன். மேற்கே தீவகத்தை நோக்கிய பக்கம் கந்தலாய்க் கிடக்கின்றது. வடக்கே காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரை கரை ஏறத்தாழ நேராய் ஓடுகின்றது. அங்கிருந்து வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் வழியாகச் சுண்டிக்குளம் நோக்கி ஒரு வாலாய் ஒடுங்கி இறங்குகின்றது. அந்த வாலுக்குள் அகப்பட்டவை ணகரமும் மகரமெய்யும். ணகரத்தின் மூன்று சுழி இரண்டாய் ஒட்டிக்கொள்ள, மகரத்தின் புள்ளி காணாமற்போக, ஊர் 'யாழ்ப்பானம' என்று முடிந்தது. பிறகு எலும்பாகக் கீறத் தொடங்கினேன். ஆகாரக் கால்கள் இரண்டும் வடகரையின் நேர்கோட்டைத் தாங்கும் தூண்களாய் அமைந்தன. அவற்றை நீட்டியும் எவருக்கும் உறுத்தவில்லை. ழகரத்தின் வால் தென்மேற்குக் கடனீரேரியின் உள்வளைவுக்குள் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டது. அதனைக் கண்டபோது, புலவன் நாகபந்தத்தின் சந்தியிலே பொருந்தும் எழுத்தைக் கண்டபொழுது அடைந்திருக்கக்கூடிய களிப்பிலே ஓர் அணுவளவு எனக்கும் கிட்டியது. ணகரத்தைப் பருத்தித்துறைக்கு முன்னரே நிறுத்தி, மகரத்தை மட்டும் வாலுக்குள் செங்குத்தாய் இறக்கினேன். அதன் புள்ளிக்கு நிலத்தில் இடமில்லை. கடைசியில் அதனைக் கரையைத் தாண்டிக் கடலிலே வைத்தேன். புறக்கோட்டை அது மீறியது உண்மைதான். சொல்லைச் சரியாய் வாசிக்க முடிந்தது.

வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப்போட்டியைப் பார்க்கப் போயிருந்த ஒரு வருஷம், பெட்டிப்பட்டங்களும் கொக்குப்பட்டங்களும் தம்மிற் பூட்டிய விண்ணின் ஓசையோடு எழுந்துகொண்டிருந்த கூட்டத்திடையே, சிறுவர் சிலர் தங்கள் சனசமூக நிலையத்தின் பெயரைத் தாளில் வெட்டி எட்டுமூலைப் பட்டமொன்றின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தனர். மூங்கில் ஈர்க்கு குறுக்கே ஓடும் இடத்தில் ஓரெழுத்தின் சுழி தட்டுப்பட, ஒருவன் அவ்வெழுத்தைச் சிறிது ஒதுக்கி ஒட்டச் சொன்னான். மற்றவன், "ஒதுக்கினால் பாரம் ஒருபக்கம் சாயுமடா" என்று மறுத்தான். நெடுநேரம் வாதித்தபின் ஈர்க்கை அவிழ்த்து, எழுத்து நின்ற இடத்துக்கு ஏற்ப வேறு இடத்திலே கட்டினார்கள். பட்டம் இரண்டுமுறை தலைகுத்தி விழுந்து, மூன்றாம் முறை வாலுக்கு இன்னொரு துண்டு துணி சேர்த்தபின் கடற்காற்றிலே ஏறிற்று.